நான் அழித்த இரண்டு பெருக்கல் குறிகள்

இப்போதெல்லாம் குதிரையின் கழுத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு சில்லை ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு கருவியைக் காட்டினால் அதன் ஜாதகமே திரையில் வந்து நிற்கிறது. நான் வேலை பார்த்த அதே கால்நடைத் துறையில் இப்போது வேலை பார்க்கும் கவிதா போன மாதம் சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். "சிப் இல்லாம எந்தக் குதிரை எதுன்னு எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க? ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருந்திருக்குமே?" என்று கேட்டாள். ஸ்ட்ரெஸ் என்று ஒன்று இருப்பதே அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியாது. பயம் தெரியும், அவ்வளவுதான். ஒரு முறை நன்றாகவே தெரிந்தது. கேட்டுவிட்டாள், அதனால் எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பொத்தோங் பாசிரில் மாடு வைத்துத் தேக்காவில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறியதில்லை. ஆனால் மாட்டுக்குச் சுழி பார்க்கும் விஷயத்தில் அப்பா எந்தச் சாமியாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று கிடக்கும் இடங்களை விரலால் தடவிப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார். அதில் அவர் மிகவும் பயந்தது பாடைச் சுழிக்கு. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு சுழி இருந்தால், அந்த வீட்டிலிருந்து பாடை கிளம்பும் என்பார். அதோடு ஒரு வழக்கமும் உண்டு. அடுத்தவர் மாட்டில் பாடைச் சுழியைப் பார்த்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னால், சொன்னவனே அந்தப் பாடையைத் தூக்கி அந்த வீட்டு வாசலில் வைத்ததாக அர்த்தம். பால்காரர்கள் எல்லோரும் இதில் ஒரே கட்சி.

பள்ளிக்கூடம் முடித்து, கால்நடைத் துறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சாணம் அள்ளினேன், அதைப் பயிற்சி என்றார்கள். ஐம்பதுகளின் கடைசியில் தஞ்சோங் பகார் பக்கம் இருந்த தனிமைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கப்பலில் வந்திறங்கும் மிருகங்களை நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைக்கும் இடம் அது. அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் அம்பலவாணர்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, குதிரை தும்மினாலும் ஒரு புள்ளி விழாது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் கொட்டகையில் நாய்கூட வாலை அடக்கிக்கொள்ளும். அவர் எனக்குச் சொல்லித் தந்த வேலையெல்லாம் ஒரே வாக்கியம். "நீர் பார்த்ததை எழுதும் காணும். நினைச்சதை எழுதாதையும்."

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தாள் உண்டு. அதில் குதிரையின் இடது பக்கம், வலது பக்கம், முகம், முதுகு என்று வெறும் கோட்டுப் படங்கள் அச்சிட்டிருக்கும். வெள்ளைக் குறி இருந்தால் கோடிட்டுக் காட்ட வேண்டும். சுழி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். ஆமாம், நம் அப்பாமார் பார்த்த அதே சுழிதான். ஒரே நிறத்தில் இரண்டு குதிரை இருக்கலாம், இரண்டுக்கும் எல்லாச் சுழியும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். முதலில் குதிரையின் பக்கத்தில் நின்று பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு மேசையில் உட்கார்ந்து அதன்மேலேயே மையால் எழுத வேண்டும். டாக்டர் அந்தத் தாளோடு குதிரையை ஒரு முறை ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆறு மாதம் பார்த்த பிறகு என்னை நம்பி, ஒத்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்பாவிடம் சுழி படித்தவனுக்கு இந்த வேலை அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாக் மன்சூரின் பெட்டைக் குதிரை வந்தது.

பாக் மன்சூர் ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவேயான் தீவுக்காரர். மலாயில் 'பாக்' என்றால் ஐயா மாதிரி. சிங்கப்பூரில் குதிரை வண்டி ஓடிய காலத்திலிருந்து குதிரைகளோடு இருந்தவர். தமிழ்க் குதிரைக்காரர்களோடு முப்பது வருடம் லாயத்தில் கிடந்ததால் தமிழ் பேசுவார். கெட்ட வார்த்தைகளில் என்னைவிடப் பெரிய படிப்பாளி. புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு வீட்டில் மனைவியோடு இருந்தார். அவரிடம் ஓர் ஆண் குதிரை இருந்தது. டெலி ஜாதி.

டெலி என்றால் கவிதாவுக்கே தெரியவில்லை, ஆகவே சொல்கிறேன். சுமத்ராவில் தோபா ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் பாத்தாக் மக்கள் வளர்த்த மட்டக்குதிரை அது. டெலி துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் இங்கே அந்தப் பெயர். தோள் என் மார்பளவுக்குத்தான் வரும். சின்ன முகம், பெரிய கண், இரும்புக் குளம்பு. ஒரு காலத்தில் சிங்கப்பூரின் வாடகை வண்டிகளை எல்லாம் இழுத்தவை இவைதான். அரபுக் குதிரையின் ரத்தம் கலந்தது என்று சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டேன். "சொல்லுகினம். நான் நிண்டு பார்க்கேல்லை" என்றார். மோட்டார் வந்தது, வண்டி போனது. ஜப்பான்காரன் காலத்தில் பசிக்குப் பல குதிரைகள் போயின. மிச்சத்தைப் பெரிய ஜாதிக் குதிரைகளோடு கலந்துவிட்டார்கள். பாக் மன்சூர் மட்டும் தன் குதிரையைக் கலக்க விடவில்லை. அதற்கு வயது இருபது தாண்டிவிட்டது. இன்னும் சில வருடத்தில் அதன் தலைமுறை முடிந்துவிடும். சுமத்ராவில் இருந்த உறவினருக்கு வருடக்கணக்கில் சொல்லியனுப்பி, கடைசியில் கலப்பில்லாத ஒரு பெட்டை கிடைத்து, அது கப்பலேறி வந்திருந்தது. அதே கப்பலில் குழந்தைகள் சவாரி செய்ய ஒரு தனியார் லாயத்துக்கு இன்னொரு மட்டக்குதிரை. அதுவும் பெட்டை. அதுவும் அதே செம்பழுப்பு. இரண்டுக்கும் உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. இரண்டுக்கும் பல்லைப் பார்த்தால் ஆறு ஏழு வயது.

பாக் மன்சூரின் பெட்டைக்கு ஒன்றாம் எண், மற்றதற்கு இரண்டாம் எண். தலைக்கயிற்றில் எண் பொறித்த தகரத் தட்டு. நான் பென்சிலோடு ஒன்றாம் எண்ணிடம் நின்றேன். நெற்றியில் நடுவே ஒரு சுழி. கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முதுகுக்குக் கை போனது. முதுகுத்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் எதிரே ஒன்று.

கை பழக்கத்தில் இரண்டு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் மூளைக்கு உறைத்தது. வேலிக்கு வெளியே பாக் மன்சூர் நின்று தன் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அந்த வருடம் முழுவதும் நெஞ்சுவலி, மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். அந்த வீட்டுக்குப் போகும் குதிரையின் தாளில் என் கையால் பாடையை எழுதுவதா? மேசைக்குப் போனேன். ரப்பரால் இரண்டு குறியையும் தேய்த்து அழித்தேன். மற்றதை மையால் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் எண்ணுக்கும் நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு, முதுகில் ஒன்றும் இல்லை. ஆக, இரண்டு தாளும் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டன. அது என் புத்திக்கு அப்போது எட்டவே இல்லை.

அன்று காலையே டாக்டர் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார். மதியம் உண்ணி மருந்தால் குளிப்பாட்ட வேண்டும். தோல் தலைக்கயிறு மருந்தில் நனையக் கூடாது என்று கழற்றி ஆணியில் மாட்டினேன். பாதிக் குளியலில் மழை பிடித்துக்கொண்டது. அவசரமாகக் கயிற்றை மாட்டி, தட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அந்தந்த அடைப்பில் விட்டேன். நனைந்த மயிரில் சுழி தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். அந்த முதுகின் பக்கம் கண் போவதையே தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் எண்ணின் ரத்தத்தில் சர்ரா. கடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும் நோய் அது. தீவு முழுக்கக் குதிரை லாயங்கள் இருந்த காலம். நோய் கண்ட குதிரையை உடனே சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு.

நானும் டாக்டரும் இரண்டாம் அடைப்புக்குப் போனோம். வேலிக்கு வெளியே தினமும் வந்து நிற்கும் பாக் மன்சூர் அன்றும் நின்றார். டாக்டர் கையில் தாளும், பின்னால் துப்பாக்கிக்காரரும் வருவதைப் பார்த்ததும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"டாக்டர்! அது எங் குதிரை லா! ரெண்டாம் நம்பர் இல்ல, அது எங் குதிரை!"

"தட்டிலே ரெண்டு எண்டு கிடக்குது" என்றார் டாக்டர்.

"தட்டு கிடக்கட்டும். மூஞ்சியப் பாருங்க. நான் நாப்பது வருஷம் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"உமக்கு அது வேணும், மன்சூர். உம்மட சொல்லை நான் சாட்சியா எடுக்கேலாது" என்றார் டாக்டர், மரியாதையாகத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "கயிற்றைக் கழட்டினீரோ?"

"கழட்டினேன் சார். குளிப்பாட்டும்போது. மழை வந்துருச்சு."

"மாறியிருக்கலாமோ?"

"இருக்கலாம் சார்."

கண்ணாடி துடைக்கப்பட்டது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குதிரையின் நெற்றி, கழுத்து எல்லாம் தடவினார். முதுகில் கை வைத்ததும் நின்றார். அந்த இரண்டு சுழிமேலும் விரலை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். அடுத்த அடைப்புக்குப் போய் அந்தக் குதிரையின் முதுகையும் தடவினார். திரும்பி வந்தார்.

"இதுக்கு முதுகிலே ரெண்டு சுழி கிடக்குது. ரெண்டு தாளிலேயும் இல்லை. அப்ப இந்தத் தாளுகளை நான் நம்பேலாது."

"இன்னொரு தடவை ரத்தம் பாக்கலாமா சார்?"

"சர்ரா ரத்தத்திலே வரும், ஒளியும், திரும்ப வரும். இண்டைக்கு இல்லை எண்டால் சுகம் எண்டு அர்த்தமில்லை. ஈ எங்களுக்காகக் காத்திருக்காது காணும். எது எண்டு தெரியாட்டில் ரெண்டையும் சுடுறதுதான். மேலிடத்துக்கு டெலிபோன் பண்ணிச் சொல்லிப்போட்டு வாறன்."

அவர் அறைக்குப் போய்விட்டார். பாக் மன்சூர் கத்துவதை நிறுத்திவிட்டார். கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அவர் கத்திக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அரசாங்கத் தாளில் பார்த்ததை எழுதாமல் விட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் உலகத்தில் எனக்குத் தெரிந்த கடைசி டெலி பெட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன் செத்துவிடும். வீட்டுக்குப் பாடை வரக் கூடாது என்று அழித்தேன். குதிரைக்கே பாடை கட்டிவிட்டேன். அந்தக் கொட்டகையிலிருந்து டாக்டரின் அறைக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியை நடந்தது போல நான் வாழ்க்கையில் எங்கேயும் நடந்ததில்லை.

டாக்டர் டெலிபோனைக் கையில் எடுத்திருந்தார்.

"சார், அந்த முதுகுச் சுழி ஒன்னாம் நம்பருக்கு. நான் பார்த்தேன். பென்சில்ல போட்டேன். அப்புறம் நான்தான் அழிச்சேன்."

டெலிபோனை வைத்தார். "ஏன் காணும் அழிச்சனீர்?"

சொன்னேன். அப்பா, பால்காரர்கள், பாடை, மன்சூரின் மனைவி, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீர் இப்ப இந்த மனுசனுக்காகப் பொய் சொல்லுறீர் எண்டால், சர்ரா பிடிச்ச குதிரையை நான் வெளியிலே விட்டவனாவன். விளங்குதோ?"

"விளங்குது சார். ஆனா பொய் இல்ல."

ஒரு புதுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எந்த இடத்திலே போட்டனீர், எத்தனை குறி, அப்படியே போடும். குதிரைக்குக் கிட்டப் போகாதையும், பழைய தாளைப் பார்க்காதையும்."

போட்டேன். அவர் அந்த ஒன்றாம் எண் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தாளைப் படுக்கை வசமாகப் பிடித்து, வெயில் சாய்ந்து விழும்படி மெல்லத் திருப்பினார். நான் அழுத்தி எழுதுகிறவன். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, பென்சில் கீறிய பள்ளம் காகிதத்தில் அப்படியே இருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதுகுக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பெருக்கல் குறி. என் புதுத் தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது.

இரண்டாம் எண் தாளையும் அதே மாதிரி வெயிலில் திருப்பினார். அதில் முதுகு மழமழவென்று இருந்தது. அப்படியானால் இரண்டாம் அடைப்பில் நின்றது ஒன்றாம் எண், ரத்தத்தில் நோய் இல்லாதது.

"ஓம்" என்றார். அவ்வளவுதான். நான் அங்கிருந்த நாற்காலியில் அனுமதி கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

மற்றப் பெட்டையை அன்று சுட்டார்கள். அதன் தலைக்கயிற்றை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு பாவமும் செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். ஆனால் அன்று என் மனத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாக் மன்சூரின் குதிரையை ஈ புகாத வலைக்குள் வைத்துப் பல வாரம் ரத்தம் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சுத்தம். அவர் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போன அன்று, என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கிள்ளிவிட்டு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையில் வாழ்த்திவிட்டுப் போனார்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "மாட்டுச் சுழிய யாருடா குதிரைக்குப் பார்க்கச் சொன்னது? குதிரைக்கு வேற கணக்குடா!" என்று திட்டினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உண்மையான தண்டனை வேறு. அதற்குப் பிறகு என் ஒரு தாளிலும் டாக்டர் ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. ஆடு, மாடு, நாய் எதுவானாலும் தாளோடு கிளம்பி வந்து, நான் எழுதிய ஒவ்வொரு குறியையும் தன் விரலால் தொட்டுப் பார்ப்பார். கோபமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நடந்தது. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

இடையில் அவரே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, டெலி குதிரைகளுக்கென்று தனிப் பதிவு தொடங்கினார். முதல் பக்கத்தில் பாக் மன்சூரின் ஆண், இரண்டாம் பக்கத்தில் பெட்டை. அரசாங்கம் கேட்காத வேலை. அந்தப் பெட்டை பிறகு மூன்று குட்டிகள் போட்டது. இந்தோனேசியாவோடு மோதல் வந்து கப்பல் போக்குவரத்து நின்றபோது, புதுக் குதிரை எதுவும் வர வழியில்லாமல் போனது. அந்த வருடங்களில் இங்கே டெலி என்று சொல்ல இருந்தவை அந்தக் குடும்பம் மட்டுமே. மோதல் ஓய்ந்ததும் குட்டிகளில் இரண்டு திரும்ப சுமத்ரா மலைக்கே போயின, அந்த நோட்டின் நகலோடு. நகல் எடுத்தவன் நான். ஆனால் நான் சொல்ல வந்தது முதல் குட்டி பிறந்த அன்று நடந்தது.

ஒரு காலை பாக் மன்சூர் ஆள் அனுப்பியிருந்தார். டாக்டரின் காரில் புக்கிட் பாஞ்சாங்குக்குப் போனோம். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நின்று முட்டிக்கொண்டிருந்தது. காலெல்லாம் குச்சி. பாக் மன்சூரின் மனைவி முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தின நாள்தான் கல்யாணமானவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் நோட்டைத் திறந்து என்னிடம் கொடுத்தார். "எழுதும்."

பென்சிலை எடுக்கவில்லை. பேனாவையே எடுத்தேன். நெற்றியில் ஒன்று. கழுத்தில் இரு பக்கமும். முதுகுக்குக் கை போனது. பாக் மன்சூரும் அவர் மனைவியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதுகில ரெண்டு சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எதிரெதிரா."

பாக் மன்சூர் அதை மலாயில் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா கையைத் தட்டி, எழுந்து வந்து, குட்டியின் முதுகைத் தடவினார். "மாச்சாம் மாக் டியா!" என்றார். அப்படியே தாய் மாதிரி என்று அர்த்தம்.

நான் இரண்டு பெருக்கல் குறியையும் மையால் போட்டு, நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். அவர் குட்டியிடம் போவதற்காக ஒதுங்கி வழி விட்டேன்.

அவர் நகரவில்லை. நின்ற இடத்திலேயே என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.